நம்பர் கிடைக்காவிட்டாலும் இக்னீஷன் பெட்டி பிழைக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

1979-லிருந்து வந்த ஹோண்டா சிபி750எஃப், சிபி900எஃப் போன்ற வண்டிகளில் பாயின்ட் (காயில் கரன்ட்டை வெட்டி ஸ்பார்க் வரவைக்கும் இயந்திர சுவிட்ச்) கிடையாது; அந்த வேலையை டிரான்சிஸ்டர் இக்னீஷன் பெட்டி பார்க்கிறது. அது போய்விட்டால், "இந்த நம்பர் டிரான்சிஸ்டர் இப்போது வருவதில்லை" என்று கடையில் சொல்வதைக் கேட்டு, பெட்டியையே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். மனசு கேட்கவில்லை. உள்ளே எரிந்திருப்பது பல நேரம் ஒரே ஒரு பவர் டிரான்சிஸ்டர்தான். அதற்கு அதே நம்பர் வேண்டியதில்லை, அதே குணம் இருந்தால் போதும்.

யமஹா ஆர்எக்ஸ்100-இல் இருப்பது சிடிஐ (கப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் இக்னீஷன்) என்ற வேறு முறை. அதில் கப்பாசிட்டரைச் சார்ஜ் செய்து தைரிஸ்டர் என்ற மின்னணு சுவிட்ச் வழியாகக் காயிலுக்குள் கொட்டுகிறார்கள். அந்தக் கணக்கு வேறு. நான் எழுதுவது அதற்கு இல்லை.

பெட்டியைத் திறக்கும் முன்னால் கோளாறு பெட்டியில்தானா என்று பார்க்க வேண்டும். மேலே சொன்ன ஹோண்டாக்களில் 1, 4 சிலிண்டர்களுக்கு ஒரு பெட்டி (யூனிட்), 2, 3-க்கு இன்னொன்று. இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். ஸ்பார்க் வராத ஜோடியும் மாறினால் யூனிட்தான் கோளாறு. மாறாவிட்டால் இக்னீஷன் காயில், ஸ்பார்க் நேரத்தைப் பெட்டிக்குச் சொல்லும் பிக்கப் காயில், ஒயர் இவற்றைப் பாருங்கள். திறந்த பிறகும் உடனே சால்டரிங் அயர்னை எடுக்க வேண்டாம். லென்ஸ் வைத்துப் பார்த்தால் பவர் டிரான்சிஸ்டரின் காலைச் சுற்றி முடி போல ஒரு வட்ட விரிசல் தெரியலாம். சூடானதும் நின்று, ஆறினதும் ஓடுகிற வண்டியில் இதுதான் முதல் சந்தேகம். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தாலே சரியாகிவிடும். எலெக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர்களை 105 டிகிரி தாங்கும் ரகத்தில் அப்போதே மாற்றிவிடலாம்.

டிரான்சிஸ்டரே போயிருந்தால், மேலே அச்சிட்ட எழுத்தை எப்படிப் படிப்பது என்று தெரிய வேண்டும். ஜப்பான் சரக்கில் முன்னால் வரும் '2எஸ்' என்பதை அச்சிட மாட்டார்கள். 'டி1071' என்றிருந்தால் அது 2எஸ்டி1071. வண்டிக் கம்பெனி தன் சொந்த நம்பரைப் போட்டிருந்தால் எந்த டேட்டா புத்தகத்திலும் அது இருக்காது. அப்போது குணத்தைப் பார்த்துத்தான் தேட வேண்டும்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். காயிலின் பிரைமரி (பெட்டியோடு இணையும் சுற்று) 4 ஓம் என்றால் 14 வோல்ட்டில் 3.5 ஆம்பியர்தான் ஓடும். அதைப் பார்த்து 15 ஆம்பியர் தாங்கும் 2என்3055-ஐப் போடுகிறார்கள். அது தாங்குவது 60 வோல்ட். காயில் கரன்ட்டை வெட்டும் நொடியில் பிரைமரியிலேயே முந்நூறு, நானூறு வோல்ட் எழும்பும். முதல் ஸ்டார்ட்டிலேயே தீர்ந்துவிடும். டார்லிங்டன் (ஒரே உறைக்குள் இரண்டு டிரான்சிஸ்டர் இணைந்த ரகம்) கேட்டால் கடைக்காரர் எடுத்துத் தரும் டிஐபி122-வும் 100 வோல்ட்தான். பழைய கலர் டிவியின் லைன் அவுட்புட்டில் வந்த பியு508 வோல்ட்டைத் தாங்கும்; ஆனால் அதிக கரன்ட்டில் அதன் கெயின், அதாவது பேஸ் எனும் கட்டுப்பாட்டுக் காலுக்குத் தரும் கரன்ட்டை எத்தனை மடங்காக்கும் என்ற அளவு, ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடும். பெட்டி தருகிற சின்ன பேஸ் கரன்ட்டில் அது முழுதாக ஆன் ஆகாது, சூடேறிச் சாகும்.

ஆகவே கேட்க வேண்டியது இக்னீஷனுக்கென்றே செய்த என்பிஎன் டார்லிங்டன்: 350 வோல்ட்டுக்கு மேல், 10 ஆம்பியர், கெயின் நூறுக்கு மேல். இரும்புத் தொப்பி வடிவத்தில் எம்ஜே10012, பியு941. தட்டை வடிவத்தில் பியு941இசட்பி. எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் தேடுகிறவர்கள் இந்த நம்பர்களை எழுதிக்கொண்டே போகலாம்.

சந்தையில் எழுத்தை அழித்து மாற்றி அச்சிட்ட போலிகளும் சுற்றுகின்றன. டிஜிட்டல் மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, கறுப்பு முனையைப் பேஸிலும் சிவப்பை எமிட்டரிலும் வையுங்கள். இந்த ரக டார்லிங்டனுக்குள் ரெசிஸ்டர் இருப்பதால் ஏதாவது ஓர் அளவு காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் அது சாதாரண டிரான்சிஸ்டர், வாங்காதீர்கள்.

பவர் டிரான்சிஸ்டரை இயக்கும் டிரைவர் பகுதியில் சி945 போன்ற குட்டி டிரான்சிஸ்டர் போயிருந்தால் பிசி547 போடலாம். ஆனால் கால் வரிசை வேறு. தட்டையான முகம் நம்மைப் பார்க்க வைத்தால் சி945-இல் இடமிருந்து எமிட்டர், கலெக்டர், பேஸ். பிசி547-இல் கலெக்டர், பேஸ், எமிட்டர். அப்படியே குத்தினால் வேலை செய்யாது. சி945 கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

பவர் டிரான்சிஸ்டரின் உலோக உடம்புதான் கலெக்டர், அதாவது காயில் வந்து சேரும் முனை. மின்சாரத்தைத் தடுக்கும் மைக்காத் தகடும் ஸ்க்ரூ புஷ்ஷும் இல்லாமல் முடுக்கினால் காயில் நேராக எர்த் ஆகி, சாவி போட்ட நேரமெல்லாம் கொதிக்கும். சூட்டைக் கடத்தும் புதுப் பேஸ்ட் தடவி முடுக்கிய பின், டிரான்சிஸ்டர் உடம்புக்கும் பெட்டி உடம்புக்கும் நடுவே தொடர்பே இல்லை என்று மீட்டரில் உறுதி செய்யுங்கள்.

புதிதாகப் போட்டதும் மறுபடி எரிந்தால் காரணம் வெளியே இருக்கும். 0.5 ஓம் சிடிஐ காயிலை யாராவது மாட்டியிருக்கலாம். 12 வோல்ட்டில் அது 24 ஆம்பியர் கேட்கும். பிளக் ஒயர் விட்டுப்போயிருக்கலாம். ஸ்பார்க்காகப் போக வேண்டிய சக்தி முழுவதும் டிரான்சிஸ்டர் தலையில் இறங்கும். பிளக் ஒயரைக் காற்றில் தொங்கவிட்டுக் கிக் அடித்துப் பார்க்கும் பழக்கத்தை மெக்கானிக் தம்பிகள் தயவுசெய்து விட்டுவிட வேண்டும். முதல் சோதனைக்குக் காயிலுக்குப் பதில் 12 வோல்ட், 21 வாட் இண்டிகேட்டர் பல்பை மாட்டி இன்ஜினைச் சுற்றுங்கள். பல்பு மினுக்கினால் டிரான்சிஸ்டர் ஆன், ஆஃப் ஆகிறது. அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட். மினுக்கிய பிறகே காயிலை மாட்டி, பிளக்கை ஹெட்டில் எர்த் செய்து ஸ்பார்க் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சென்னை