நீல் தீவுக்கு ஒரு பகல் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பயண மலரில் வந்த அந்தமான் கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் கட்டுரையின் முடிவில் பெட்டிச் செய்தியாகக் கொடுத்திருந்த ஐந்து நாள் திட்டத்தைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. முதல் நாள் செல்லுலார் சிறை, அடுத்த நாள் விடியும் முன்பே பாராடாங் தீவு, அதற்கடுத்து ஹேவ்லாக் தீவு, நான்காம் நாள் நீல் தீவைப் பார்த்துவிட்டு மாலைக் கப்பலில் போர்ட் பிளேர், மறுநாள் விமானம். பயண ஏஜென்சிகளும் பெரும்பாலும் இதைத்தான் விற்கின்றன. என் பெற்றோரை முதன்முதலாக அழைத்துப் போனபோது நாங்களும் இப்படி ஒரு பேக்கேஜில்தான் போனோம். ஜெட்டியில் பெட்டிகளோடு வரிசையில் நின்றதைத்தான் அப்பா இன்றும் சொல்கிறார். கடலைப் பற்றிக் கேட்டால், "எங்கே பார்க்க விட்டார்கள்?" என்பார்.

பிறகு ஒருமுறை நீல் தீவிலேயே அறை எடுத்துத் தங்கினோம். 2018-ல் ஷஹீத் தீவு என்று பெயர் மாற்றியிருந்தாலும் ஆட்டோக்காரர்கள் முதல் கடைக்காரர்கள் வரை எல்லோருக்கும் அது இன்னும் நீல்தான். கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் ஊர். பரத்பூர், லட்சுமண்பூர், சீதாபூர், ராம்நகர் என்று ராமாயணத்தையே ஊர்களுக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். கடற்கரைக்குப் போகும் வழியெல்லாம் வாழையும் காய்கறித் தோட்டமும்தான்.

அங்கே தங்கினால்தான் ஒரு விஷயம் புரியும். அந்தத் தீவில் எதை எப்போது பார்க்கலாம் என்பதைக் கடலின் ஏற்றமும் வற்றமும்தான் தீர்மானிக்கின்றன. லட்சுமண்பூரில் உள்ள இயற்கைப் பாலம், ஊர்க்காரர்கள் ஹவுரா பாலம் என்று சொல்லும் பாறை வளைவு, தண்ணீர் வற்றியிருக்கும்போதுதான் நடந்து போய்ப் பார்க்க முடியும். பரத்பூர் கடற்கரையோ நேர் எதிர். அங்கே வற்றத்தின்போது இறங்கினால் காலெல்லாம் பவளப்பாறை. தண்ணீர் ஏறியிருந்தால்தான் குளிக்க சுகம். ஒரு வற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே சுமார் ஆறு மணி நேரம். அதுவும் நாளுக்கு நாள் ஐம்பது நிமிடம்போலத் தள்ளிக்கொண்டே போகும். காலையில் கப்பலில் வந்து இறங்கி மாலைக் கப்பலில் கிளம்புகிறவர்களுக்கு இரண்டும் கிடைப்பது அதிர்ஷ்டம்தான். தண்ணீர் நிறைந்திருக்கும் நேரத்தில் இயற்கைப் பாலத்துக்கு வந்து, தூரத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பும் குடும்பங்களைப் பார்த்தபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. இவ்வளவு செலவு செய்து வந்தவர்களுக்கு இதை யாரும் முன்கூட்டியே சொல்லவில்லையே!

வற்றத்தின்போது அங்கே அவசரமில்லாமல் உட்கார வேண்டும். பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீரில் கடல் அட்டை கறுப்பாகச் சுருண்டு கிடக்கும். விரல் நீள மீன்கள் குழிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். மேலே மணலில் காலிச் சங்கு ஒன்று தானாக நகர்வதுபோல இருக்கும். கிட்டே போனால் நின்றுவிடும். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால் முதலில் ஒரு கொடுக்கு எட்டிப் பார்க்கும், அப்புறம் கண்கள், அப்புறம் நண்டு மறுபடி நடக்கத் தொடங்கும். வளர வளர அது வேறு பெரிய சங்குக்கு மாறியாக வேண்டும். கரையில் கிடக்கும் சங்குகளை நாம் பையில் போட்டுக்கொண்டு வந்தால் அதற்கு வீடு இருக்காது. பவளத் துண்டை எடுத்து வருவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து எடுத்துவிடுவார்கள். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரையும் அப்படித்தான். பேக்கேஜில் வருகிறவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து சேர்கிறார்கள். அந்தமானில் டிசம்பர், ஜனவரியில் ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், சென்னையைவிட ஏறக்குறைய முக்கால் மணி நேரம் முன்னதாக. கூட்டத்துக்கு நடுவில் அவசரமாக ஒரு குளியல், ஒரு அஸ்தமனப் படம், அவ்வளவுதான். அங்கேயே தங்கியிருந்தால் விடிந்ததும் போகலாம். உயரமான மஹுவா மரங்களின் நிழல் மணல்மேல் நீண்டு கிடக்கும், வயதானவர்களும் வெயில் படாமல் நடக்கலாம். உயிர்காப்பாளர் சொல்லும் எல்லைக்குள் மட்டும் இறங்குங்கள். அந்தமானில் உப்புநீர் முதலைகள் உண்டு, எச்சரிக்கைப் பலகையை அலட்சியப்படுத்தக் கூடாது.

இப்படி நின்று தங்குவதற்கு நாளுக்கு எங்கே போவது என்று கேட்டால், பாராடாங்கை விட்டுவிடலாம் என்பேன். சுண்ணாம்புக் குகையைப் பார்ப்பதற்காக நடு இரவில் எழுந்து, ஜாரவா என்ற அந்தமான் பழங்குடி மக்களின் காட்டுக்கு நடுவே வண்டி வரிசையில் போகிறோம். பலரும் குகைக்காகப் போவதில்லை, வழியில் அவர்கள் தென்படுவார்களா என்று பார்க்கத்தான் போகிறார்கள். உச்ச நீதிமன்றம் 2002-லேயே அந்தச் சாலையை மூடச் சொன்னது. ஜாரவா பெண்களைச் சுற்றுலாப் பயணிகள் முன் ஆட வைத்த காணொளி 2012-ல் வெளிவந்து நாடே தலைகுனிந்தது. அதற்குப் பிறகும் நம் பத்திரிகை ஒன்று பாராடாங்கை 'தவற விடக்கூடாத இடம்' என்று எழுதுவது சரியில்லை.

இன்னொன்று, நம் ஊரில் குழந்தைகளோடு கிளம்புகிறவர்கள் மே விடுமுறையைத்தான் பார்க்கிறார்கள். தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடும் முன்பே, மே மூன்றாவது வாரத்தையொட்டி, அந்தமானுக்கு வந்துவிடும். கடல் கொந்தளித்தால் தீவுகளுக்கு இடையிலான கப்பல்கள் ரத்தாகும். அரையாண்டு விடுமுறையோ பொங்கல் விடுமுறையோ பொருத்தம். அப்போது டிக்கெட் விலை ஏறும், அதனால் முன்கூட்டியே பதிவு செய்வது நல்லது.

அடுத்த முறை தீவுப் பயணம் பற்றி எழுதும்போது, ஒரே தீவில் மூன்று இரவு தங்கும்படி ஒரு திட்டத்தையும் கொடுங்கள். அதன் பக்கத்திலேயே அந்த மாதத்தின் ஏற்ற வற்ற நேரங்களையும் அச்சிட்டால் வாசகர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி