பதிப்புரிமை அறிவித்தல்களும் சிறிய இணைய நிறுவனங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதிப்புரிமை மீறல் பற்றித் தனக்கு வந்த மின்னஞ்சலுக்குப் பணம் கட்ட வேண்டுமா என்று சென்ற இதழில் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். வழக்கறிஞரைப் பார்க்கும்படி மட்டும் பதில் தந்திருந்தீர்கள். பெரிய நிறுவனங்களின் இணைப்புகளை மொத்த விலைக்கு வாங்கி வீடுகளுக்கு இணையம் வழங்கும் ஸ்காபரோ நிறுவனம் ஒன்றில் வாடிக்கையாளர் சேவையில் இருப்பவன் என்ற முறையில், அந்த மின்னஞ்சல் அவர் கைக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதை விளக்க விரும்புகிறேன்.

கனடாவில் 2015 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, பதிப்புரிமை உரிமையாளர் தன் படைப்பு களவாகத் தரவிறக்கப்பட்டது என்று அனுப்பும் அறிவித்தலை இணைய நிறுவனம் உரிய வாடிக்கையாளருக்குக் கூடிய விரைவில் அனுப்ப வேண்டும். அனுப்பியதையோ, அனுப்ப முடியாமற்போன காரணத்தையோ உரிமையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். வாடிக்கையாளரை அடையாளம் காட்டும் பதிவுகளை ஆறு மாதம் பாதுகாக்கவும் வேண்டும். தவறும் நிறுவனம் 5,000 முதல் 10,000 டொலர் வரை நட்டஈடு கொடுக்க நேரிடும். படத்தைத் தன் சொந்தப் பாவனைக்காகத் திருட்டுத்தனமாகத் தரவிறக்கியவருக்குச் சட்டம் வகுத்துள்ள நட்டஈடோ 100 முதல் 5,000 டொலர் வரைதான். திருடியவரைவிடக் கடிதத்தைக் கொடுக்கத் தவறிய தபால்காரருக்குத் தண்டம் அதிகம் என்பது எனக்கு இன்றுவரை விளங்காத நியாயம்.

அறிவித்தலில் வாடிக்கையாளரின் பெயர் இருக்காது. ஆளைக் கண்டுபிடிக்க, ஓர் ஐபி முகவரி (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்), கோப்பின் பெயர், நாள், நேரம் போன்றவையே இருக்கும். அந்த நேரமும் பெரும்பாலும் சர்வதேச நேரத்தில் குறிக்கப்பட்டிருக்கும். அதிகாலை 2 மணி என்று எழுதியிருந்தால், ரொறன்ரோவில் அது கோடையில் முந்திய இரவு 10 மணி, குளிர்காலத்தில் 9 மணி. ஐபி முகவரிகள் கைமாறிக்கொண்டே இருப்பதால், இந்தக் கணக்கில் ஒரு மணித்தியாலம் பிசகினாலும் ஒருவர் மீதான குற்றச்சாட்டு சம்பந்தமே இல்லாத இன்னொருவருக்குப் போய்விடக்கூடும். முகவரித் தட்டுப்பாட்டால் ஒரே ஐபி முகவரியைப் பல வாடிக்கையாளருக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கும் நிறுவனங்களுக்கு, அந்த முகவரியில் ஒருவருடைய இணைப்பை மற்றவருடையதிலிருந்து பிரித்துக் காட்டும் போர்ட் எண்ணும் தெரியாவிட்டால் ஆளைக் கண்டுபிடிக்கவே வழியில்லை. பெரிய நிறுவனங்களில் இதையெல்லாம் மென்பொருள் பார்த்துக்கொள்ளும். எங்களிடத்திலோ, தொலைபேசியில் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்பவரேதான் இடையிடையே பதிவேட்டைத் திறந்து தேட வேண்டும்.

ஆளைச் சரியாகக் கண்டுபிடித்தாலும் அவர்தான் தரவிறக்கினார் என்று ஆகிவிடாது. நம்மவர் வீடுகள் பலவற்றில் மேலே வீட்டுக்காரரும் பேஸ்மென்றில் படிக்க வந்த பிள்ளைகளும் இருப்பார்கள். எல்லாருக்கும் ஒரே வைஃபை. அறிவித்தல் கணக்கு வைத்திருப்பவருக்குத்தான் போகும். அப்படி ஒரு அம்மா, "தம்பி, பொலிஸ் வருமா?" என்று நடுங்கிய குரலில் என்னைக் கேட்டார். வராது. இது குற்றவியல் வழக்கு அல்ல. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் உங்கள் பெயரை நாங்கள் உரிமையாளருக்குக் கொடுப்பதும் இல்லை. இணைப்பு ஒருவர் பெயரில் இருப்பதாலும் அவருக்கு அறிவித்தல் போனதாலும் மட்டுமே அவரைப் பொறுப்பாளியாக்க முடியாது என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் நீதிமன்றத்தில் பதிவான வழக்கின் பத்திரம் நேரில் சேர்ப்பிக்கப்பட்டால் நிலைமை வேறு. அப்போது வழக்கறிஞரிடம் போகத்தான் வேண்டும்.

பணம் கேட்கும் அறிவித்தல்கள் செல்லாது என்று 2018 டிசம்பரில் சட்டம் திருத்தப்பட்டது நல்ல காரியம். ஆயினும், அறிவித்தல்கள் ஆளுக்கொரு வடிவத்தில் வருவதால், பணம் கேட்கும் வரியோ, அதற்கான இணையத்தள இணைப்போ உள்ளே ஒளிந்திருக்கிறதா என்று ஒருவர் இருந்து வாசித்துத்தான் அறிய முடியும். கணினி வாசிக்கக்கூடிய ஒரே வடிவத்தை விதிகளின் மூலம் கட்டாயமாக்க வேண்டும் என்று நாடாளுமன்றக் குழு 2019 ஜூனில் பரிந்துரைத்தது எங்களுக்கு மிகவும் தேவையான ஒன்றாகும்.

செலவும் ஒரு பிரச்சினை. அறிவித்தலை அனுப்புவதற்கு உச்சக் கட்டணம் நிர்ணயிக்க அமைச்சருக்கு அதிகாரம் உண்டு. அவர் நிர்ணயிக்காவிட்டால் நாங்கள் ஒரு சதமும் அறவிட முடியாது. 2018 செப்டெம்பரில் ரொஜர்ஸ் என்ற இணைய நிறுவனத்துக்கும் வோல்ட்டேஜ் பிக்சர்ஸ் என்ற பட நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டம் ஏற்கெனவே இலவசமாகச் செய்யச் சொன்ன வேலைக்குப் பின்னர் கூலி கேட்க முடியாது என்றும், நீதிமன்ற உத்தரவின்படி பெயரை வெளியிடுவதற்கு ஏற்படும் நியாயமான மேலதிகச் செலவை மட்டும் கேட்கலாம் என்றும் தெளிவுபடுத்தியது. அந்தச் செலவும் கேட்டபடி கிடைப்பதில்லை. அதே பட நிறுவனம் 2012இல் சுமார் 2,000 வாடிக்கையாளரின் விபரம் கோரிய வழக்கில், டெக்சவி என்ற சுயாதீன இணைய நிறுவனம் ஏறத்தாழ மூன்றரை இலட்சம் டொலர் செலவு கேட்டு, அதில் பத்தில் ஒரு பங்குகூடப் பெறவில்லை.

நான் திருட்டுத் தரவிறக்கத்துக்கு வக்காலத்து வாங்கவில்லை. வெளியான அன்றே இணையத்தில் வந்துவிடும் தமிழ்ப் படங்களின் தயாரிப்பாளர்கள் கொதிப்பதில் நியாயம் இருக்கிறது. அவர்களுடைய அறிவித்தலும் சரியான ஆளிடம் போய்ச் சேர வேண்டுமென்றால், ஒரே வடிவமும் ஒரு சிறு கட்டணமும் வேண்டும். கட்டணம் வந்தால் கண்டபடி அனுப்புவதும் குறையும். ஸ்காபரோ, மார்க்கம் பகுதிகளின் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் இவ்விரண்டையும் பற்றித் தங்கள் பத்திரிகை கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
இணைய நிறுவன ஊழியர் ஒருவர்,
ஸ்காபரோ