மணலை மாற்றும் முன் தட்டைப் பாருங்கள்

ஆசிரியருக்கு, வணக்கம்.

அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்ப்பது பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பூனை மலசலம் கழிக்க எந்த மணல் வாங்குவது, எத்தனை நாளைக்கு ஒருமுறை கொட்டுவது, அந்த மணலை நிரப்பும் பெட்டியான லிட்டர் பாக்ஸை எந்த மூலையில் வைப்பது என்று அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். பூனைக்கு என்ன போடுகிறோம் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பெட்டிக்குள் விழுவது எல்லாமே தட்டிலிருந்து வந்ததுதான். "வீடெல்லாம் நாறுது" என்ற ஒரே காரணத்துக்காகப் பையில் போட்டு மீன் மார்க்கெட் ஓரம் விடப்படுகிற பூனைகள் உண்டு. வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனைக்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது. தட்டில் நான்கு மாற்றங்கள் செய்தால் இதில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பெட்டியிலிருந்து வருவது ஒரு நாற்றம் அல்ல, இரண்டு. கண்ணைக் கரிக்கிற அம்மோனியா நெடி சிறுநீரால் வருவது. சிறுநீரில் உள்ள யூரியாவை பாக்டீரியாக்கள் உடைக்கும்போது அது உண்டாகிறது. அதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். காலையும் இரவும், சிறுநீர் பட்டு இறுகிய மணல் கட்டிகளை அள்ளிவிட்டால் அந்த நெடி பெரும்பாலும் அடங்கிவிடும். கருத்தடை செய்யாத கடுவன் பூனை மட்டும் விதிவிலக்கு. அதன் சிறுநீரில் ஃபெலினின் என்ற பொருள் அதிகம். அது சிதைந்துதான் அந்தக் காட்டமான கந்தக வாடை எழுகிறது. அதற்குத் தீர்வு அறுவை சிகிச்சை. மலத்தின் அழுகல் நாற்றம் வேறு சங்கதி. அதை உண்டாக்குவதும் தட்டு, குறைப்பதும் தட்டு.

சிறுகுடலில் செரிக்காமல் தப்பிய புரதம் பெருங்குடலுக்குப் போனால், அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்க வைக்கும். இண்டோல், ஹைட்ரஜன் சல்பைடு போன்ற நாறும் பொருள்கள் அப்படித்தான் உருவாகின்றன. ஆகவே புரதம் எவ்வளவு என்பதைவிட அது எவ்வளவு செரிக்கிறது என்பதே பெரிய கேள்வி. தானியமும் தோல், இறகு போன்ற கழிவுப் புரதமும் கலந்த மலிவான கிப்பிளை, அதாவது பாக்கெட்டில் வரும் உலர் தீனியைத் தின்னும் பூனை அதிகம் தின்று அதிகம் கழிக்கும். நன்றாகச் செரிக்கும் இறைச்சி உணவைத் தின்னும் பூனை நாளைக்கு ஒருமுறை, கரும்பழுப்பில், விரலால் அழுத்தினால் லேசாக அமுங்கும் பதத்தில் போகும். சல்லடைக் கரண்டியால் எடுத்தால் முழுசாக வரும், அடியில் ஒட்டாது. மணலில் அந்தத் துண்டு உடையாமல் கிடக்கிறதா, பூசிக்கொண்டு கிடக்கிறதா என்பதைப் பார்த்தாலே தட்டு சரியா என்று சொல்லிவிடலாம்.

பூசிக்கொண்டு கிடந்தால் முதலில் பாலை நிறுத்துங்கள். பூனை என்றால் பால் என்பது நம் வீடுகளில் ஊறிப்போன எண்ணம். குட்டியாக இருக்கும்போது லாக்டோஸைச் செரிக்கும் நொதி நிறைய இருக்கும். தாய்ப்பால் மறந்த பிறகு அது குறைந்துபோகும். செரிக்காத லாக்டோஸ் குடலுக்குள் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், மலம் இளகும். இளகிய மலம், ஈரம் பட்டால் கட்டியாகும் பென்டோனைட் களிமண் மணலோடு சேர்ந்தால் சேறு மாதிரி ஆகிவிடும். அது பாதத்தில் ஒட்டும், வால் அடி ரோமத்தில் காயும், பெட்டியின் சுவரில் ஈஷும். அப்படிப்பட்ட பெட்டிக்குள் இறங்கப் பூனைக்கும் பிடிக்காது. குளியலறை மிதியடியைத் தேடிப் போகும். "நல்லாத்தானே போய்க்கிட்டு இருந்துச்சு, இப்ப அடம் பிடிக்குது" என்று அதன்மேல் கோபப்படுவதில் நியாயம் இல்லை.

அடுத்தது சோறு. வெந்த அரிசியைப் பூனை ஓரளவு செரித்துவிடும். அரிசி விஷம் அல்ல. அது தட்டில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதுதான் பிரச்சினை. தயிர் சாதத்தில் நான்கு துண்டு மீன் பிசைந்து போட்டால் வயிறு நிறையும், தேவையான புரதம் சேராது, பெட்டியில் மட்டும் அளவு கூடும். இதைவிடக் கவலைக்குரியது டாரின் என்ற சத்து. பூனையின் உடலால் தனக்கு வேண்டிய அளவு டாரினைத் தயாரித்துக்கொள்ள முடியாது. இறைச்சியிலிருந்துதான் வர வேண்டும். அது குறைந்தால் இதயத் தசை தளர்ந்து வீங்கும் என்பதை 1987-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் நிறுவினார்கள். விழித்திரையும் கெடும். வீட்டில் இறைச்சி சமைக்காத குடும்பங்கள் பூனை வளர்க்கக் கூடாது என்று சொல்லவில்லை. உறையில் "கம்ப்ளீட்" என்று போட்டிருக்கும் உணவை வாங்கிப் போட்டால் போதும். "காம்ப்ளிமென்டரி" என்று போட்டிருந்தால் அது துணைத் தீனி, அதை மட்டும் கொடுத்து வளர்க்க முடியாது. இரண்டு சொல்லும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

அளவு பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் இருக்கும், கருத்தடை செய்த 4 கிலோ பூனைக்கு நாளைக்கு ஏறத்தாழ 200 கிலோ கலோரி போதும். கிப்பிளில் சொன்னால் 50 முதல் 55 கிராம். டம்ளரில் அள்ளிப் போடும் வீடுகளில் அது எளிதாக 80 கிராமைத் தாண்டிவிடுகிறது. மிஞ்சியதில் ஒரு பங்கு கொழுப்பாகும், ஒரு பங்கு பெட்டிக்கு வரும். சமையலறைத் தராசில் ஒருமுறை நிறுத்து, அந்த அளவுக்கு ஒரு கிண்ணத்தில் கோடு போட்டு வைத்துக்கொள்ளலாம். கடையில் வழக்கமான பிராண்டு இல்லை என்று ஒரே நாளில் வேறொன்றுக்கு மாற்றுவதும் பேதியில்தான் முடியும். பழையதில் நான்கில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் புதியதைப் போட்டு, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டே போய், 7 முதல் 10 நாளில் முழுதாக மாற்ற வேண்டும். பழைய பையில் ஒரு வாரத்துக்கான தீனி மிச்சம் இருக்கும்போதே அடுத்த பையை வாங்கினால்தான் இது நடக்கும்.

இனி தண்ணீர். 4 கிலோ பூனைக்கு உணவும் குடிநீரும் சேர்த்து நாளைக்கு 200 முதல் 240 மில்லி வேண்டும். கிப்பிளில் ஈரம் நூற்றுக்குப் பத்துக்குள்தான். 50 கிராமில் 5 மில்லி தேறினால் அதிகம். மிச்சத்தை எல்லாம் பூனை கிண்ணத்தில் நக்கிக் குடிக்க வேண்டும். பாலைநிலக் காட்டுப்பூனையின் வழி வந்த பிராணி அது. தாகம் குறைவு, சிறுநீரைச் சுண்ட வைத்துச் சமாளித்துவிடும். சுண்டிய சிறுநீரில் படிகங்கள் சேர்வதும் எளிது. மாறாக, வெட் ஃபுட் எனப்படும் ஈர உணவில் 85 கிராம் பவுச் மூன்று கொடுத்தால் அதிலேயே 200 மில்லி தண்ணீர் வந்துவிடும். தினமும் மூன்று பவுச் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. நடுத்தர வழி ஒன்று உண்டு: 30 கிராம் கிப்பிள், ஒரு பவுச், 15 கிராம் வேகவைத்த கோழி, அந்தக் கோழி வெந்த தண்ணீர் 50 மில்லி. இதில் 130 மில்லி தண்ணீர் போய்ச் சேரும், கலோரியும் கணக்குக்குள் நிற்கும். கோழியை வெறும் தண்ணீரில் வேக வையுங்கள். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. குழம்பிலிருந்து கழுவி எடுத்த துண்டும் ஆகாது. கருவாட்டை உப்புக்காகவே தவிர்க்க வேண்டும். சென்னை வெயிலில் வெட் ஃபுட்டை அரை மணி நேரத்துக்கு மேல் தட்டில் விட்டுவைக்காதீர்கள்.

ஈர உணவுக்கு மாறினால் யூரியாவின் அளவு குறைந்துவிடாது. சிறுநீரின் அளவு கூடும். இங்கேதான் மணல் ஆழம் கணக்குக்கு வருகிறது. கிப்பிள் மட்டும் தின்னும் பூனையின் சிறுநீர்க் கட்டி எலுமிச்சை அளவில் இருக்கும் என்றால், ஈர உணவு தின்னும் பூனையின் கட்டி சாத்துக்குடி அளவுக்குப் போகும். முன்னதற்கு 5 சென்டிமீட்டர் ஆழம் போதும். பின்னதற்கு 7 வேண்டும். 50-க்கு 40 சென்டிமீட்டர் ட்ரேயில் 7 சென்டிமீட்டர் நிரப்ப 14 லிட்டர் மணல் பிடிக்கும். பென்டோனைட்டில் அது ஏறக்குறைய 12 கிலோ. 5 கிலோ பை ஒன்றைக் கொட்டினால் 3 சென்டிமீட்டர்தான் வரும். சிறுநீர் அடிவரை இறங்கிப் பிளாஸ்டிக்கில் அடை மாதிரி ஒட்டிக்கொள்ளும், சுரண்டும்போது உடைந்து தூளாகும், தூள் மொத்த மணலிலும் கலக்கும். பிறகு எத்தனை முறை அள்ளினாலும் நெடி போகாது. "இந்த பிராண்டு சரியில்லை" என்று பழிப்பதில் பாதி இந்த ஆழக் குறைவால் வருவதுதான். தொடக்கத்தில் இரண்டு பை கூடுதலாகப் போட்டுவிட்டு, அள்ளிய அளவுக்கு மட்டும் நிரப்பிக்கொண்டே வந்தால் மாதச் செலவு உண்மையில் குறையும்.

கட்டிகளை எண்ணும் பழக்கம் ஒன்றை எல்லோரும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். சாதாரணமாக நாளைக்கு இரண்டு முதல் நான்கு. உணவை மாற்றியதும் கட்டி பெருத்தால் பயப்பட ஒன்றுமில்லை. உணவு அதேதான், கட்டிகள் மட்டும் பெருத்தும் கூடியும் வருகின்றன என்றால் சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, தைராய்டு என்று பார்க்க வேண்டியிருக்கும். சுண்டைக்காய் அளவில் பத்துப் பன்னிரண்டு கிடந்தால் சிறுநீர்ப்பை அழற்சி. கடுவன் அடிக்கடி பெட்டிக்குள் போய் முக்குகிறது, முனகுகிறது, ஆனால் மணலில் ஈரமே இல்லை என்றால் சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கிறது. இதை மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துவிட்டு மறுநாள் வரை காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். காத்திருக்கக் கூடாது. ஓரிரு நாளில் உயிர் போய்விடும். நடு இரவானாலும் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

உண்மையான மலச்சிக்கல் வேறு மாதிரி இருக்கும்: ஆட்டுப் புழுக்கை போல உலர்ந்த உருண்டைகள், பல நேரம் பெட்டிக்கு வெளியே. எலும்பு அதிகம் போட்டால் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து உதிரும். பெட்டிக்குள் உட்கார்ந்தபோது வலித்தால், வலி பெட்டியால் வந்தது என்று பூனை முடிவு கட்டிவிடும். அதனால்தான் வெளியே போகிறது. எலும்பை நிறுத்திவிட்டு, ஈர உணவில் வேகவைத்து மசித்த மஞ்சள் பூசணி ஒரு டீஸ்பூன் கலக்கலாம். அல்லது கால் டீஸ்பூன் இசப்கோலை இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீரில் ஊறவைத்துச் சேர்க்கலாம். உலர்ந்த கிப்பிள்மேல் இசப்கோலைத் தூவினால் இருக்கிற ஈரத்தையும் அது உறிஞ்சி அடைப்பைக் கூட்டிவிடும். ரோம உருண்டைக்கும் இதே வைத்தியம் ஓரளவு உதவும். இரண்டு நாள் மலமே இல்லை, அல்லது பேதி இரண்டு நாளுக்கு மேல் நீடிக்கிறது, ரத்தம் தெரிகிறது என்றால் வீட்டு வைத்தியம் வேண்டாம். மலப் பரிசோதனையில் புழுவும், ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியும் தெரிந்துவிடும்.

பச்சை இறைச்சியைப் பற்றிக் கேட்காத கர்ப்பிணிப் பெண் இருக்க மாட்டார். "பூனையை அனுப்பிவிடு" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது, கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பற்றிய பயத்தால். பயம் பொய்யல்ல, ஆனால் பூனை அதை எங்கிருந்து பெறுகிறது என்று பாருங்கள்: எலி, பறவை, வேகாத இறைச்சி. வெளியே போகாத, வெந்த உணவோ பாக்கெட் உணவோ மட்டும் தின்னும் பூனைக்கு அது தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. அப்படியே தொற்றினாலும் முதல் தொற்றின்போது ஒன்று முதல் மூன்று வாரம்தான் முட்டைகளைக் கழிக்கும். அந்த முட்டைகள் நோய் பரப்பும் நிலைக்கு வரக் குறைந்தது ஒரு நாள் ஆகும். தினமும் அள்ளினால் அந்த அவகாசமே கிடைக்காது. கர்ப்ப மாதங்களில் அள்ளும் வேலையை வீட்டில் வேறொருவர் செய்யட்டும். வேறு ஆள் இல்லையென்றால் கையுறை போட்டு அள்ளிவிட்டு சோப்பால் கை கழுவினால் போதும். பூனை வீட்டிலேயே இருக்கட்டும். பச்சை மீனுக்கும் இங்கே இடமில்லை. நெத்திலி போன்ற சில மீன்களில் தயமின் (வைட்டமின் பி1) சத்தை அழிக்கும் நொதி இருக்கிறது, வேக வைத்தால் அது செயலிழந்துவிடும்.

வேளை தவறாமல் போட்டால் வேளை தவறாமல் போகும். நாள் முழுக்கக் கிண்ணம் நிறைந்திருக்கும் வீட்டில் பூனை எப்போது போகும் என்று சொல்ல முடியாது. காலை 7, இரவு 8 என்று வைத்தால் பல பூனைகள் சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் பெட்டிக்குப் போய்விடும். நீங்கள் வேலைக்குக் கிளம்பும் முன் அள்ளிவிடலாம். அள்ளியதைக் காகிதத்தில் பொதிந்து குப்பையில் சேருங்கள். கழிப்பறையில் கொட்டினால் பென்டோனைட் குழாய்க்குள்ளேயே ஊதி இறுகி, கீழ்வீடு வரை அடைத்துவிடும்.

கடைசியாக, உங்கள் கட்டுரையில் ஒரு பிழையைத் திருத்தியாக வேண்டும். ட்ரேயை பினாயில் ஊற்றிக் கழுவச் சொல்லியிருந்தார்கள். கறுப்பு பினாயிலில் உள்ள ஃபீனால் வகைப் பொருள்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. வெள்ளை பினாயிலில் பொதுவாகச் சேரும் பைன் எண்ணெயும் அதற்கு ஆகாது. ட்ரேயில் நின்ற பாதத்தைப் பூனை அடுத்த ஐந்து நிமிடத்தில் நக்கும். பிளீச்சிங் பவுடரும் வேண்டாம். மிச்சமிருக்கும் அம்மோனியாவோடு சேர்ந்தால் கழுவுகிறவருக்கே மூச்சுத் திணறும். பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் போதும், பிறகு வெயிலில் ஒரு மணி நேரம் காய வைக்கலாம். அந்தக் கட்டுரையை வெட்டி வைத்துக்கொண்டவர்கள் இருப்பார்கள் என்பதால், இந்தத் திருத்தத்தை மட்டுமாவது அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
மேற்கு மாம்பலம், சென்னை