மேடே என்றதும் சிவப்புப் பட்டை ஓட்டும் செய்தி ஆசிரியர்களுக்கு

தமிழ்ச் செய்தி சேனல்களிலும் யூடியூப் சேனல்களிலும் டெஸ்க்கில் உட்கார்ந்து தலைப்பு முடிவு செய்கிற அத்தனை பேருக்கும் வணக்கம்.

சென்னையில் இறங்க வேண்டிய விமானம் ஒன்று பெங்களூருக்கோ திருச்சிக்கோ திரும்பினால் போதும், பத்தாவது நிமிடம் உங்கள் திரையில் பட்டை ஓட ஆரம்பித்துவிடுகிறது. நடுவானில் எரிபொருள் தீர்ந்தது, மரண பயத்தில் பயணிகள், நூலிழையில் உயிர் தப்பினர், பின்னணியில் அந்த டொம் டொம் இசை வேறு. வெறும் தப்பான தலைப்பு என்றால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், அதெல்லாம் நமக்குப் பழகிப்போன விஷயம். ஆனால் விமானங்களுக்கு எரிபொருள் கணக்குப் போடும் டிஸ்பேட்ச் வேலையில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில், இந்தத் தலைப்பு அடுத்த விமானியின் வாயைக் கட்டிப்போடக்கூடியது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம்.

2025 ஜூன் 19 மாலை குவாஹாட்டியிலிருந்து சென்னைக்கு வந்த இண்டிகோ விமானத்தை எடுத்துக்கொள்வோம். சென்னையில் இறங்க முடியவில்லை, பெங்களூருக்குத் திருப்பினார்கள், போகும் வழியில் எரிபொருள் குறைவு என்று விமானி மேடே, அதாவது ரேடியோவில் அவசரநிலையை அறிவிக்கும் சொல்லைச் சொன்னார், பத்திரமாக இறங்கினார். அகமதாபாத் விபத்து நடந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, எல்லோரும் கிலியில் இருந்த நேரம், புரிகிறது. ஆனாலும் மேடே என்ற சொல்லைக் கேட்டவுடன் டேங்க் காலி என்று எப்படி முடிவு கட்டினீர்கள்?

விதி என்ன சொல்கிறது என்று பாருங்கள். 2012-இல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ இதைத் தெளிவாக எழுதி வைத்தது. ஒவ்வொரு ஜெட் விமானமும் இறங்கும்போது டேங்கில் குறைந்தது அரை மணி நேரம் பறக்கிற எரிபொருள் மிச்சம் இருக்கும்படி திட்டமிட வேண்டும். அதற்குப் பெயர் ஃபைனல் ரிசர்வ். குறிப்பிட்ட ஒரு விமான நிலையத்தில் இறங்கியே ஆக வேண்டும், இனியும் தாமதமானால் அந்த ரிசர்வில் கை வைக்க வேண்டி வரலாம் என்ற நிலை வந்தால் விமானி ஏடிசியிடம், அதாவது விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையிடம், ‘மினிமம் ஃபியூயல்’ என்று சொல்வார். அது ஒரு முன்னறிவிப்பு மட்டும், முன்னுரிமை எதுவும் கிடைக்காது. இறங்கும்போது ரிசர்வ் குறையத்தான் போகிறது என்று கணக்கு காட்டிவிட்டால் ‘மேடே மேடே மேடே ஃபியூயல்’ என்று சொல்லியே ஆக வேண்டும், அது அவர் இஷ்டம் இல்லை. அதைச் சொன்னதும் மற்றவர்களை ஒதுக்கி வழி விடுவார்கள். அதாவது அரை மணி நேர எரிபொருளில் இருபத்தைந்து நிமிடத்துக்கானதுதான் மிஞ்சும் என்றாலே மேடே. நீங்கள் நினைப்பது போல இன்ஜின் இருமிக்கொண்டிருக்கும் நேரத்தில் சொல்வது இல்லை.

இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து, விமானம் கிளம்பும் முன் நாங்கள் எரிபொருள் கணக்குப் போடும் அந்தத் தாளைப் பாருங்கள். டெல்லி–சென்னை, ஏர்பஸ் ஏ320, எல்லாம் உத்தேச எண்கள்தான், காற்றையும் எடையையும் பொறுத்து மாறும். தரையில் ஊர்ந்துபோக 200 கிலோ. டெல்லியிலிருந்து சென்னை வரை பறக்க 6,000. எதிர்க்காற்று அதிகமானால், மேகத்தைச் சுற்றிப்போக வேண்டி வந்தால் என்று அதில் 5 சதவீதம், 300. சென்னை கைவிட்டால் பெங்களூர் போக 1,600. எல்லாவற்றுக்கும் அடியில் அந்த ஃபைனல் ரிசர்வ், ஏறக்குறைய 1,100. ஆக மொத்தம் 9,200 கிலோ. விமானத்தில் எரிபொருளை லிட்டரில் இல்லாமல் எடையில்தான் பேசுவோம், ஏனென்றால் வெயிலுக்கு லிட்டர் விரியும், எடை மாறாது.

எந்தப் பிசகும் இல்லாமல் இந்த விமானம் சென்னை மேலே வந்து சேர்ந்தால் கையில் இருப்பது 3,000 கிலோ. பார்க்க நிறைய மாதிரித் தெரியும். அதில் பெங்களூருக்கான 1,600-ஐயும் ரிசர்வையும் தொடக்கூடாது என்றால், வட்டமடிக்க மிஞ்சுவது 300 கிலோ, எட்டு நிமிடம். மழை இருபது நிமிடத்தில் விடும், காத்திருங்கள் என்று ஏடிசி சொன்னால் கேப்டன் அந்த இடத்திலேயே முடிவெடுக்க வேண்டும். சென்னை வானிலை அறிக்கையைப் பார்த்துக் கிளம்பும்போதே இன்னும் 800 கிலோ ஏற்றுங்கள் என்று அவர் கேட்டிருந்தால் அந்த இருபது நிமிடம் அவருக்குக் கிடைத்திருக்கும். அந்தக் கூடுதலைக் கேட்கிற உரிமை கேப்டனுடையது. தாளில் நாங்கள் எதை எழுதினாலும் கடைசிக் கையெழுத்து அவருடையதுதான்.

சரி, அப்படியே 300 கிலோவைத் தீர்த்துவிட்டு பெங்களூர் போகிறார், அங்கேயும் சென்னையிலிருந்து திருப்பிவிட்ட நாலைந்து விமானம் வரிசையில் நிற்கிறது. ரிசர்வில் 150 கிலோ போய்விடும் போலிருக்கிறது. மேடே. இறங்கும்போது டேங்கில் 950 கிலோ. உங்கள் பட்டையில் எரிபொருள் தீர்ந்தது.

உடனே உங்கள் விவாத மேடையில் ஒருவர், அப்படியென்றால் காரில் ஊருக்குக் கிளம்பும்போது போடுவது போல டேங்க்கை ஃபுல் பண்ணிவிட்டால் என்ன என்று கேட்பார். ஏ320 டேங்கில் 18 டன்னுக்கு மேல் பிடிக்கும். ஆட்களும் மூட்டைகளும் ஏறிய விமானம் எரிபொருள் இல்லாமலே 60 டன் பக்கம் வந்துவிடும். 78 டன்னோடு கிளம்பி 6 டன்னை எரித்து சென்னைக்கு 72 டன்னாக வந்தால், அந்த விமானம் இறங்கலாம் என்று அனுமதித்திருக்கும் எடையே 66, 67 டன்தான். போதாக்குறைக்கு, கூடுதலாகச் சுமக்கிற ஒவ்வொரு டன்னுக்கும் மணிக்கு மூன்று நான்கு சதவீதம் அதைச் சுமப்பதற்கே எரிந்து போகும். கம்பெனிகள் கணக்குப் பார்ப்பது இதனால்தான், அதில் தப்பு சொல்ல முடியாது. கூடுதல் கேட்ட கேப்டனிடம் ஏன் கேட்டாய் என்று மாதக் கடைசியில் விளக்கம் கேட்டால், அங்கேதான் தப்பு. அப்படி எங்காவது நடக்கிறதா என்று தோண்டி எடுங்கள், அதற்கு எத்தனை சிவப்புப் பட்டை வேண்டுமானாலும் ஓட்டுங்கள்.

வாயைக் கட்டுவது என்று ஏன் சொன்னேன் என்றால், 1990 ஜனவரி 25-ஐ நினைத்துத்தான். கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த அவியான்கா 52, போயிங் 707. மோசமான வானிலை, ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வானில் நிறுத்தி வைத்தார்கள். எரிபொருள் குறைகிறது என்று துணை விமானி சொன்னார், முன்னுரிமை கேட்டார், அவசரநிலை என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் கடைசி வரை சொல்லவில்லை. ஏடிசிக்கு நிலைமையின் கடுமை புரியவில்லை. ஒருமுறை இறங்க முயன்று முடியாமல் மேலே ஏறி, மறுபடி சுற்றி வருவதற்குள் இன்ஜின்கள் நின்றன. லாங் ஐலண்டில் விழுந்து 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். இன்று எந்தச் சொல்லை எப்போது சொல்ல வேண்டும் என்று விதியில் இவ்வளவு கறாராக எழுதி வைத்திருப்பது இந்த மாதிரி மரணங்களுக்குப் பிறகுதான். அந்தச் சொல்லைச் சொன்ன விமானியை நீங்கள் வில்லனாக்குகிறீர்கள். ஜூன் சம்பவத்தில் விமானிகளைப் பணிப் பட்டியலிலிருந்து விலக்கி வைத்ததாகச் செய்தி வந்தது, விசாரணை முடியும்வரை அப்படிச் செய்வது வழக்கம்தான், ஆனால் பல சேனல்களில் அது தண்டனை மாதிரியே ஒலித்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் இளம் துணை விமானி, அடுத்த முறை மேடே சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு நிமிடம் யோசித்தால்?

தப்பே நடப்பதில்லை என்றும் நான் சொல்லவில்லை. 2016 நவம்பரில் பொலிவியாவிலிருந்து கொலம்பியாவின் மெடலின் போன லாமியா விமானத்தின் திட்டத் தாளில் பயண நேரமும் எரிபொருள் தாங்கும் நேரமும் ஒன்றே, 4 மணி 22 நிமிடம். மாற்று நிலையத்துக்கும் இல்லை, ரிசர்வும் இல்லை. பிரேசிலின் ஷாபெகோயென்ஸ் கால்பந்து அணி போன விமானம், 77 பேரில் 71 பேர் இறந்தார்கள். நம் பக்கத்திலேயே 2015 ஆகஸ்டில் தோஹாவிலிருந்து கொச்சி வந்த ஜெட் ஏர்வேஸ் விமானம் கொச்சியில் பலமுறை முயன்று, திருவனந்தபுரம் போய் அங்கேயும் பலமுறை முயன்று, கடைசியில் சில நூறு கிலோவோடு இறங்கியது. நூலிழை என்ற சொல்லுக்கு அதுதான் பொருத்தம். அந்தச் சொல்லை எல்லாவற்றுக்கும் செலவழித்துவிட்டு உண்மையிலேயே தேவைப்படும்போது என்ன செய்வீர்கள்? கேட்க வேண்டிய கேள்விகள் அங்கே இருந்தன. முதல் நிலையத்தை ஏன் அவ்வளவு நேரம் விடவில்லை, அதே பருவமழை மேகத்துக்கு அடியில் இருக்கும் ஊருக்கே ஏன் போனார்கள்?

இறங்காமல் மறுபடி மேலே ஏறுகிற கோ-அரவுண்டையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயலன்று சென்னை ரன்வேயைத் தொடப்போய் ஆடிக்கொண்டே மறுபடி எழும்பிய விமானத்தின் வீடியோவை எத்தனை முறை ஓட்டினீர்கள்! அந்த விமானிகள் செய்தது பயிற்சியில் சொல்லித்தந்ததைத்தான். எழும்பிச் சுற்றி மறுபடி வரிசைக்கு வரத் தேவையான எரிபொருள் இருந்ததால்தான் அவசரப்பட்டுத் தரையில் அழுத்தாமல் மேலே ஏற முடிந்தது. அதைச் சொல்ல உங்களுக்கு ஒரு வரி போதும்.

வடகிழக்குப் பருவமழையில் சென்னையிலிருந்து விமானங்கள் திரும்பத்தான் போகின்றன. அப்போது அழுதுகொண்டிருக்கும் பயணியின் முகத்துக்கு முன்னால் மைக்கை நீட்டுங்கள், வேண்டாம் என்று சொன்னால் கேட்கவா போகிறீர்கள். கூடவே விமான நிறுவனத்திடமும் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவிடமும் இரண்டு எண் கேளுங்கள்: இறங்கியபோது டேங்கில் எத்தனை கிலோ இருந்தது, அந்த விமானத்துக்கு ஃபைனல் ரிசர்வ் எத்தனை கிலோ. முதல் எண் பெரிதாக இருந்தால் அன்றைக்குச் செய்தி மழையைப் பற்றியது. சிறிதாக இருந்தால், எப்போது திருப்ப முடிவெடுத்தார்கள், மாற்று நிலையமாக எதைத் தாளில் போட்டிருந்தார்கள் என்று அடுத்த கேள்விக்குப் போங்கள். எண் தர மறுத்தால், மறுத்தார்கள் என்று பட்டையில் போடுங்கள், பெயரோடு.