வெட்டாமல் ஓட்டுங்கள்: எங்கள் ஊர் தியேட்டர்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத் திரையரங்க உரிமையாளர்களுக்கும், எங்கள் இரண்டு மாவட்டத்தையும் கையில் வைத்திருக்கும் சேலம் ஏரியா விநியோகஸ்தர்களுக்கும், வணக்கம்.

போன சனிக்கிழமை இரவுக் காட்சியில் நடந்தது உங்கள் காதுக்கு வந்திருக்கும். பையன்கள் வாட்ஸப் ஸ்டேட்டஸில் திட்டித் தீர்த்துவிட்டார்கள். எந்தத் தியேட்டர் என்று நான் எழுதப் போவதில்லை. அந்த ஒரு தியேட்டரில் மட்டும் நடக்கிற விஷயமாக இருந்தால் நேரில் போய் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருப்பேன், மடல் எல்லாம் தேவைப்பட்டிருக்காது.

போட்ட படம் 'ஆயிரத்தில் ஒருவன்'. எம்.ஜி.ஆர். படம் இல்லை, 2010 பொங்கலுக்கு வந்த செல்வராகவன் படம். 'மீண்டும் திரையில்' என்று நான்கு ரோடு பக்கமெல்லாம் போஸ்டர். அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, பென்னாகரம் என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்திருந்தார்கள். என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தவர் ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கிறவர், ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். பத்தரை மணிக் காட்சி, அதுவும் கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் படம், விட்டு வெளியே வந்தால் ஊருக்குப் பஸ் கிடையாது என்று எல்லோருக்கும் தெரியும், தெரிந்தேதான் வந்தார்கள், விடிய முதல் பஸ் எடுக்கிற வரைக்கும் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டு படத்தைப் பற்றிப் பேசிக் கொண்டிருக்கலாம் என்று.

சென்சார் சான்றிதழ் திரையில் வந்ததற்கே விசில். முதல் பாதி ஒழுங்காக ஓடியது. நடராஜர் நிழல் மணலில் விழுகிற இடத்தில் பாதித் தியேட்டர் எழுந்து நின்றது. இடைவேளைக்கு அப்புறம் பார்த்திபன் வந்தார். அவர் பேசுகிற அந்தப் பழந்தமிழ் வசனத்தைப் பின்வரிசையில் நாலைந்து கல்லூரிப் பையன்கள் கூடவே சொல்லிக்கொண்டு வந்தார்கள், ஒரு சொல் பிசகவில்லை. படம் வெளிவந்தபோது அவர்கள் ஒன்றாம் வகுப்பிலோ இரண்டாம் வகுப்பிலோ இருந்திருப்பார்கள். 'பெம்மானே' ஆரம்பித்தது. பசியில் கருகிக் காய்ந்துபோன ஜனங்கள், அவர்களுக்குக் கொடுக்க எதுவும் இல்லாத அரசன், பாம்பே ஜெயஸ்ரீ குரல். தியேட்டரில் ஒரு செல்போன் வெளிச்சம் கூட இல்லை. இரண்டு வரி போயிருக்குமா என்று தெரியாது, படக்கென்று திரை கறுத்தது. கரண்ட் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தோம். திரும்பப் படம் வந்தபோது பாட்டும் இல்லை, அந்த ஜனங்களும் இல்லை, கதை வேறு எங்கோ போய் நின்றுகொண்டிருந்தது. ஒரு நிமிடம் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் போட்ட சத்தத்தில் வசனம் கேட்கவில்லை. அப்புறம் இன்னும் இரண்டு இடத்தில் இதே மாதிரி. கடைசியில் பெயர் ஓட ஆரம்பித்த உடனே விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்துவிட்டார்கள்.

மேனேஜரைக் கேட்டோம். மரியாதையாகத்தான் கேட்டோம். அவரும் மரியாதையாகத்தான் பதில் சொன்னார், அதையும் சொல்லிவிட வேண்டும். "லேக் தம்பி, ரொம்ப இழுக்குது. அப்ப ரிலீஸ் ஆனப்பவே அந்த இடத்துலதான் ஜனங்க எழுந்து போனாங்க. அதான் தாண்டி விட்டோம். உங்களுக்கும் சீக்கிரம் வீட்டுக்குப் போனா நல்லதுதானே?"

ஐயா, அன்றைக்கு ஜனங்கள் எழுந்து போன அதே இடத்துக்காகத்தான் இன்றைக்கு நாங்கள் காசு கொடுத்து வந்து உட்கார்ந்திருக்கிறோம். இந்த மடல் முழுக்க நான் சொல்ல வருவது இது ஒன்றுதான். வெட்டாமல் ஓட்டுங்கள்.

கல்ட் படம் என்று இளைஞர்கள் எதைச் சொல்கிறார்கள் என்று உங்களில் சிலருக்குக் குழப்பம் இருக்கிறது. பழைய படம் எல்லாம் கல்ட் என்று நினைத்துக்கொள்கிறீர்கள். இல்லாவிட்டால், பெரிய ஹிட் எல்லாம் கல்ட் என்று. 'கில்லி' 2004இல் சக்கைப்போடு போட்டது, 2024 ஏப்ரலில் திரும்பப் போட்டபோதும் போட்டது, நானும் போய் ஆடிவிட்டுத்தான் வந்தேன். ஆனால் அது திருவிழா. எல்லோருக்கும் பிடித்த படத்தை எல்லோரும் சேர்ந்து பார்ப்பது. கல்ட் படம் அப்படியில்லை. வந்த சமயத்தில் பெரும்பாலானவர்களுக்குப் பிடிக்காமல் போய், கொஞ்சம் பேருக்கு மட்டும் அளவுக்கு மீறிப் பிடித்து, அந்தக் கொஞ்சம் பேர் விடாமல் அடுத்தவனைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, 'இந்த இடத்தைப் பார்ரா' என்று காட்டிக் காட்டியே உயிரோடு வைத்திருக்கிற படம். ஓடாத படமெல்லாம் கல்ட் ஆகிவிடுமா என்றால் ஆகாது. ஓடாமல் போன படங்களில் முக்கால்வாசி ஓடாமல் போனது நியாயம்தான்.

'அன்பே சிவம்' 2003 பொங்கலுக்கு வந்து, 'தூள்' அடித்த அடியில் காணாமல் போனது. அப்புறம் டிவியில் போடப் போட ஒவ்வொரு வீடாகப் பிடித்துக்கொண்டது. 'குணா'வும் 'தளபதி'யும் 1991இல் ஒரே தீபாவளிக்கு வந்தன, யார் ஜெயித்தது என்று உங்கள் கணக்கு நோட்டே சொல்லும். முப்பது வருடத்துக்கு மேல் கழித்து ஒரு மலையாளப் படம் 'குணா'வில் வருகிற குகையையும் 'கண்மணி அன்போடு' பாட்டையும் எடுத்து வைத்த பிறகுதான் இங்கே பலருக்குக் 'குணா' ஞாபகம் வந்தது. அந்தப் படத்தைத் திரும்ப வெளியிடும் உரிமை யாருக்கு என்று உயர் நீதிமன்றம் வரைக்கும் போய்ச் சண்டை போட்டார்கள் பாருங்கள், ஓடாத படத்துக்கு!

இதில் எல்லாம் ஒரு விஷயம் பொதுவாக இருக்கும். படம் படுத்ததற்கு அன்றைக்கு என்ன காரணம் சொன்னார்களோ, அதுவேதான் இன்றைக்கு அதைப் பிடித்துப்போவதற்கும் காரணம். செல்வராகவன் படத்தில் இரண்டாம் பாதி புரியவில்லை என்றார்கள், நாங்கள் அந்த இரண்டாம் பாதிக்காகவே போகிறோம். 'குணா'வில் கமல் பேசுவது ஒரு மாதிரி இருக்கிறது என்றார்கள், அந்தப் பேச்சுத்தான் இன்றைக்குப் பலருக்கு மனப்பாடம். ஆகவே 'லேக்' என்று நீங்கள் தாண்டி விடுகிற இடம் இருக்கிறதே, பெரும்பாலும் அதுதான் படம். அதை எடுத்துவிட்டு மீதியைக் காட்டுவது, தாலி கட்டுகிற நேரத்தில் மண்டபத்துக் கதவைச் சாத்திவிட்டு நேராகப் பந்திக்குக் கூப்பிடுவது மாதிரி.

'ஆரண்ய காண்டம்' கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சென்சாரில் 52 வெட்டு கேட்டார்கள். படக்குழு ஒத்துக்கொள்ளாமல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போய் மல்லுக்கட்டி 2011இல் வெளியிட்டது. அவ்வளவு பாடுபட்டும் ஓடவில்லை. அதே படத்துக்கு அறிமுக இயக்குநருக்கும் படத்தொகுப்புக்கும் தேசிய விருது வந்தது. நாளைக்கு நீங்கள் அதைத் திரும்பப் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தேசிய விருது வாங்கிய எடிட்டிங்கை ஆபரேட்டர் அறையில் உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் மேம்படுத்துவீர்களா? சான்றிதழ் வாங்கிய படத்தில் கை வைக்கக் கூடாது என்று 1952 சட்டமே சொல்கிறது. நான் சட்டம் பேச வரவில்லை, வேண்டுகோள் வைக்கத்தான் வந்திருக்கிறேன்.

உங்கள் கஷ்டம் தெரியாமல் எழுதவில்லை. தியேட்டர் நடத்துவது இப்போது எவ்வளவு சிரமம் என்று எங்களுக்கும் தெரியும், எத்தனையோ பழைய தியேட்டர்கள் கல்யாண மண்டபமாகவும் குடோனாகவும் ஆனதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள். புதுப் படம் வந்து நாலு வாரத்தில் ஓடிடியில் வந்துவிடுகிறது. ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு வந்த அத்தனை பேர் கையிலும் போன் இருக்கிறது. படத்தை அதிலேயே பார்த்துக்கொள்ளலாம், பலர் பல தடவை பார்த்தும் இருக்கிறார்கள். அப்படியும் பஸ் இல்லாத நேரத்தில் ஏன் வந்தார்கள்? பக்கத்தில் இருக்கிறவனுக்கும் அதே இடத்தில் உடம்பு சிலிர்க்கிறதா என்று பார்க்க வந்தார்கள். அமெரிக்காவில் 'ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ' என்று ஒரு படம், 1975இல் வந்து ஊத்திக்கொண்டது. மறு வருடம் நியூயார்க்கில் ஒரு தியேட்டர் அதை நள்ளிரவுக் காட்சியாகப் போட ஆரம்பித்தது, ஆட்கள் அந்த வேஷம் கட்டிக்கொண்டு வந்து வசனத்துக்கு எதிர்வசனம் கத்த, அது இன்றைக்கு வரைக்கும் எங்கேயாவது ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தத் தியேட்டர்காரர் 'லேக்' என்று தாண்டி விட்டிருந்தால் கத்துவதற்கு என்ன இருந்திருக்கும்?

அமெரிக்கா எதற்கு, ஓசூர் தாண்டினால் கர்நாடகா. 1995இல் வந்த உபேந்திராவின் 'ஓம்' படத்தை அங்கே எத்தனை தடவை திரும்பப் போட்டிருக்கிறார்கள் தெரியுமா, நூற்றுக்கணக்கில். அந்தப் படம் நன்றாக ஓடிய படம், அது வேறு கதை. ஆனால் ஒரு பழைய படத்தை மதித்துப் போட்டால் ஆள் வரும் என்பதற்குச் சாட்சி நம் எல்லையிலேயே இருக்கிறது. ஓசூர்ப் பையன்கள் படம் முழுசாகப் பார்க்க வேண்டும் என்றால் பெங்களூர் போய்விடுகிறார்கள். நாங்கள்? சேலம் போக வேண்டும். தொப்பூர் கணவாய் இறங்கி, டோல் கட்டி, ஒரு சினிமாவுக்கு.

எங்கள் பக்கத்துக்கு எல்லாமே மிச்சம்தான் வரும் போலிருக்கிறது. ஏரியா பிரிக்கும்போது சேலத்தோடு ஒட்டு. மாவட்டத் தலைநகரமான கிருஷ்ணகிரியில் ரயில் நிலையம் கிடையாது, கேட்டுக் கேட்டு ஒரு தலைமுறையே வயதாகிவிட்டது. 2006இல் விஜயகாந்தை வைத்து எங்கள் ஊர் பெயரிலேயே படம் எடுத்தார்கள். ஷூட்டிங்குக்கு ஒகேனக்கல் வேண்டும், தலைப்புக்குத் தர்மபுரி வேண்டும், ஒரு படத்தை முழுசாகப் பார்ப்பதற்கு மட்டும் நாங்கள் வேண்டாம். சென்னையில் ரீ-ரிலீஸ் என்றால் 4கே, பாலாபிஷேகம், இயக்குநர் நேரில் வருவார். எங்களுக்கு அதே படம் அரை மணி நேரம் குறைத்து, பாதி ஏசியோடு, பத்தரை மணிக்கு. அதிலும் டிக்கெட் விலை மட்டும் முழுசு. அதையும் கொஞ்சம் தாண்டி விட்டிருக்கலாமே?

மன்னிக்கவும், கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். ரயிலுக்கு நீங்கள் என்ன செய்வீர்கள்.

நாங்கள் கேட்பது உங்கள் கையில் இருக்கிற விஷயம்தான். எந்தப் படத்தைத் திரும்பப் போட்டாலும் அதை வெட்டாமல் ஓட்டுங்கள், பாட்டு உட்பட, கடைசிப் பெயர் ஓடி முடிகிற வரைக்கும். நீளமான படம் என்றால் இரவுக் காட்சியில் போட்டு நெருக்காமல் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் பெரும்பாலும் ஸ்க்ரீன் காலியாகத்தான் இருக்கிறது, எங்களுக்கும் பென்னாகரத்துக்கும் அரூருக்கும் பஸ் இருக்கும். ஆள் வருமா என்ற பயம் இருந்தால் முன்பதிவு திறந்து பாருங்கள், இத்தனை டிக்கெட் போனால்தான் காட்சி என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதில் எங்களுக்கு வருத்தமே இல்லை. அந்தக் கணக்கை நிரப்புகிற வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், காவேரிப்பட்டணம், பாலக்கோடு வரைக்கும் ஆள் இருக்கிறார்கள்.

விநியோகஸ்தர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. முன்பு மாதிரி படப்பெட்டி சுமந்து வர வேண்டிய காலம் இல்லை. ஹார்ட் டிஸ்க் போதும், படத்தைத் திறக்கிற கீ ஆன்லைனில் வருகிறது. 'உங்க ஊருக்கு அனுப்புற செலவு கட்டாது' என்கிற பழைய பதிலை இனியும் சொல்லாதீர்கள். ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்' 1978இல் வந்தது. அந்த மனிதர் எடுத்ததே இரண்டு படம். அதை இங்கே ஒரு தியேட்டரில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிற ஆட்கள் தர்மபுரியில் இருக்கிறார்கள் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டு அனுப்பி வையுங்கள்.

போன வாரம் நடந்ததற்கு டிக்கெட் காசு திருப்பிக் கேட்கவில்லை. அதே படத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முழுசாகப் போடுங்கள், திரும்பவும் டிக்கெட் எடுத்தே வருகிறோம். போஸ்டரில் படத்தின் நேரத்தை அச்சடித்துவிடுங்கள், சான்றிதழில் எத்தனை நிமிடம் போட்டிருக்கிறதோ அத்தனை நிமிடம். தேதியை மட்டும் ஒரு வாரம் முன்னாலேயே சொல்லுங்கள், சிப்காட்காரர் ஷிப்ட் மாற்ற வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பின்வரிசை ரசிகர்கள் சார்பாக,
பாலக்கோட்டிலிருந்து ஒருவன்