லிங்கருக்கு இரண்டு ஆய்வக வகுப்புகள்: பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கணினி அறிவியல் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். இணைப்புக் கல்லூரி ஒன்றில் பதினொரு ஆண்டுகளாகச் சி மொழி ஆய்வகத்தை நடத்திவருபவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். சென்ற பருவத்துச் செய்முறைத் தேர்வில் என் மாணவி ஒருவர், பழைய கணினியில் பலமுறை ஓட்டிப் பார்த்த அதே நிரலைத் தேர்வுக்கு ஒதுக்கிய புதிய கணினியில் ஏற்றியபோது, ‘மல்டிபிள் டெஃபனிஷன்’ என்ற பிழைச் செய்தி வந்து நின்றது. கம்பைலர் ஏற்காத நிரல் தவறான நிரல் என்று சொல்லிப் புறத்தேர்வாளர் மதிப்பெண்ணைக் குறைத்தார். அந்தப் பிழையைச் சொன்னது நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் அன்று, அப்படி மாற்றிய கோப்புகளை ஒரே நிரலாக இணைக்கும் லிங்கர் என்பது இருவருக்கும் தெரியவில்லை. அவர்கள்மீது எனக்குக் குறையில்லை. நம் பாடத்திட்டத்தில் லிங்கருக்கு இருப்பதே ஒரு வரிதான்.

நடந்தது இதுதான். ‘இன்ட் மொத்தம்;’ என்ற முழு எண் பொதுமாறியை அவர், பல கோப்புகளுக்கும் பொதுவான அறிவிப்புகளை வைக்கும் ஹெடர் கோப்பில் எழுதி, அந்த ஹெடரை இரண்டு சி கோப்புகளில் சேர்த்திருந்தார். தொடக்க மதிப்பு தரப்படாத இத்தகைய மாறிகளைப் பழைய ஜிசிசி கம்பைலர் ‘காமன்’ என்று குறித்துவைக்கும். ஒரே பெயரில் இரண்டு வந்தால் லிங்கர் சத்தமில்லாமல் ஒரே இடத்தில் சேர்த்துவிடும். 2020இல் வெளிவந்த ஜிசிசி 10 முதல் இந்த இயல்பு மாற்றப்பட்டது. இரண்டும் தனித்தனி வரையறைகளாகவே கொள்ளப்படுகின்றன, லிங்கர் மறுத்துவிடுகிறது. ஹெடரில், வரையறை வேறிடத்தில் உள்ளது என்று சொல்லும் ‘எக்ஸ்டர்ன்’ என்ற சொல்லைச் சேர்த்து, வரையறையை ஒரே ஒரு சி கோப்பில் வைத்திருந்தால் இரண்டு கணினிகளிலும் ஓடியிருக்கும். பிழை அவருடையதுதான், ஆனால் அதைப் புரிந்துகொள்ளும் வழியை நாம் அவருக்குக் கொடுக்கவில்லை.

கொடுப்பது கடினமும் அன்று. மெயின்.சி, வட்டி.சி என்று இரண்டு கோப்புகள் போதும். முதலாவது, இரண்டாவதில் உள்ள ‘வட்டி’ என்ற ஃபங்ஷனை அழைக்கிறது. கம்பைலர் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகத்தான் பார்க்கும் என்பதால், மெயின்.சியிலிருந்து மெயின்.ஓ என்ற ஆப்ஜெக்ட் கோப்பு உருவாகும்போது வட்டி எங்கே இருக்கும் என்பதை அதனால் அறிய முடியாது. 64 பிட் இன்டெல் கணினியில் ஆப்ஜ்டம்ப் கருவியால் அந்த ஆப்ஜெக்ட் கோப்பைத் திறந்தால், அழைக்கும் இடத்தில் ‘ஈ8 00 00 00 00’ என்ற ஐந்து பைட்கள் தெரியும். ஈ8 என்பது அழைப்புக் கட்டளை. அடுத்த நான்கு சுழிகளும் நிரப்பப்படாத முகவரி. ‘இந்த நான்கு பைட்களில் வட்டியின் தூரத்தை எழுதுக’ என்ற குறிப்பு, ரீலொகேஷன் என்ற பெயரில் அதே கோப்பில் இருக்கும். கோப்பில் உள்ள பெயர்களைப் பட்டியலிடும் என்எம் கருவி மெயின் என்ற பெயருக்கு எதிரே ‘டி’ என்றும், வட்டிக்கு எதிரே ‘யு’ என்றும் காட்டும்: முன்னது இங்கே உள்ளது, பின்னது இனிமேல்தான் கிடைக்க வேண்டும்.

லிங்கர் எல்லா ஆப்ஜெக்ட் கோப்புகளின் கட்டளைப் பகுதிகளையும் ஒன்றாகவும், தரவுப் பகுதிகளையும் ஒன்றாகவும் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் முகவரி வகுத்து, ‘யு’ என்று நிற்கும் ஒவ்வொரு பெயருக்கும் வரையறையைத் தேடிப் பிடித்து, கடைசியாக அந்தச் சுழிகளை நிரப்புகிறது. அழைப்புக்கு அடுத்த கட்டளை 401130 என்ற பதின்அறும முகவரியிலும், வட்டி 401150இலும் அமைந்தால், வித்தியாசம் 20. சுழிகள் இருந்த இடத்தில் இப்போது ‘ஈ8 20 00 00 00’ என்றிருக்கும். இந்த 20ஐ மாணவர்கள் தம் கையால் கணக்கிட்டுத் திரையில் உள்ளதோடு ஒப்பிடும்போது வகுப்பில் எழும் ஆரவாரத்தை நான் வேறெந்தப் பயிற்சியிலும் கண்டதில்லை.

லிங்கர் பார்ப்பது பெயரை மட்டுமே என்பதையும் அவர்கள் அங்கேயே உணர வேண்டும். வட்டி ஒரு டபுளை, அதாவது தசம எண்ணை, வாங்கி டபுளைத் தருவதாக இருக்க, மெயின்.சியில் அதை இன்ட் வாங்கி இன்ட் தருவதாக அறிவித்தாலும், சி மொழியில் இணைப்பு தடையின்றி முடியும். விடை, செயலிக்குள் தசம எண்களை வைக்கும் மிதவைப்புள்ளிப் பதிவகத்தில் காத்திருக்க, மெயின் வேறொரு பதிவகத்தைப் படித்து ஏதோ ஒரு குப்பை எண்ணை அச்சிடும். சி++ கம்பைலர் அளவுருக்களின் வகையையும் பெயரோடு கோத்துவிடுவதால் அங்கே இதே பிழை இணைக்கும்போதே சிக்கிக்கொள்ளும்.

நூலகங்களின் வரிசை இன்னொரு தொல்லை. ஆப்ஜெக்ட் கோப்புகளின் தொகுப்பான ஸ்டாட்டிக் நூலகத்தை லிங்கர், கட்டளை வரியில் இடமிருந்து வலமாகச் செல்லும்போது, அதுவரை நிலுவையில் உள்ள பெயர்களுக்காக மட்டுமே திறந்து பார்க்கும். நூலகத்தை முன்னும் மெயின்.ஓவைப் பின்னும் எழுதுவது, கடைக்குப் போய்வந்த பிறகு பட்டியல் எழுதுவதைப் போன்றது. ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ என்ற செய்தியைக் கண்டு நிரலையே திருத்தத் தொடங்கும் மாணவர்கள் பருவத்துக்குப் பருவம் வருகிறார்கள்.

பைத்தான் யுகத்தில் இது எதற்கு என்று குழுவில் கேட்கப்படலாம். சி மொழியில் எழுதப்பட்ட நீட்சி ஒன்றைப் பைத்தானில் இறக்குமதி செய்யும்போது ‘அன்டிஃபைன்ட் சிம்பல்’ என்று வந்து நிற்பதும் இதே கதைதான். அங்கே பெயர் தேடும் வேலை ஓடும் நேரத்துக்குத் தள்ளிப்போடப்பட்டிருக்கிறது, அவ்வளவே. இது புதிய தலைப்பும் அன்று. கேம்பிரிட்ஜின் எட்சாக் கணினியில் டேவிட் வீலர் துணைநிரல்களைக் காகித நாடாவிலிருந்து படித்து முகவரி திருத்திக்கொள்ளும் முறையை 1949இலேயே அமைத்துவிட்டார். கிரேஸ் ஹாப்பர் 1952இல் கம்பைலர் என்று பெயரிட்ட ஏ-0 என்ற மென்பொருள், இன்றைய பொருளில் பெரும்பாலும் லிங்கர், நிரலை நினைவகத்தில் ஏற்றும் லோடர் ஆகியவற்றின் வேலையையே செய்தது.

ஆகவே என் கோரிக்கை: இரண்டாம் ஆண்டுச் சி ஆய்வகத்தில் மும்மணி நேர வகுப்புகள் இரண்டை இதற்கு ஒதுக்குங்கள், இடம் வேண்டுமானால், மூன்றாகப் பிரித்து நடத்தப்படும் வரிசைப்படுத்தல் பயிற்சிகளை ஒன்றாகச் சுருக்கலாம். செய்முறைத் தேர்வுக்கான கணினிகளில் எந்தக் கம்பைலர் பதிப்பு இருக்கும் என்பதைப் பருவத் தொடக்கத்திலேயே கல்லூரிகளுக்கு அறிவியுங்கள். மேற்சொன்ன பயிற்சிகளின் கோப்புகள் என்னிடம் ஆயத்தமாக உள்ளன. அடுத்த கூட்டத்துக்கு முன் கேட்டால் அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
சி ஆய்வகப் பொறுப்பாசிரியர் ஒருவர்