கேட்டது சென்னை முத்திரை, வந்தது டெல்லி முத்திரை: சான்றொப்ப நிறுவனத்துக்கு ஒரு புகார்

அனுப்புநர்: இயற்பியல் ஆசிரியை ஒருவர், தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்: நிர்வாக இயக்குநர் அவர்கள், சான்றொப்பச் சேவை நிறுவனம், தலைமை அலுவலகம், சென்னை.

நாள்: 11.04.2025

பொருள்: பணம் வாங்கிக்கொண்டு செய்யாத வேலை, தேவையே இல்லாத வேலைக்கு வாங்கிய பணம், பாழான பி.எட். சான்றிதழ் ஆகியவை குறித்து.

ஐயா,

கடந்த ஜனவரி 6 அன்று உங்கள் நாகர்கோவில் கிளையில் என்னுடைய மூன்று அசல் சான்றிதழ்களை ஒப்படைத்தேன்: பி.எஸ்சி., எம்.எஸ்சி., பி.எட். ஓமனில் உள்ள ஓர் இந்தியப் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. ஏப்ரல் 1 அன்று நான் அங்கே வகுப்பறையில் நின்றிருக்க வேண்டும். இன்று ஏப்ரல் 11. தக்கலையில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பள்ளியின் நியமனக் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. பட்டச் சான்றிதழ்களில் முதலில் மாநில உயர்கல்வித் துறையின் சான்றொப்பம், அதன் மேல் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில், அதாவது சான்றிதழை வெளிநாட்டில் ஏற்றுக்கொள்வதற்காக ஒட்டும் சான்று, வேண்டும் என்று சொல்கிற வரி. அதன் நகலை உங்கள் கிளையில் கொடுத்து, அந்த வரியின் அடியில் பென்சிலால் கோடும் போட்டுக் காட்டினேன். பதினைந்து வருடம் விடைத்தாள் திருத்திய பழக்கம். கவுண்டரில் இருந்த தம்பி, "அதெல்லாம் எங்களுக்கு அத்துப்படி டீச்சர், தினமும் பத்துப் பேருக்குச் செய்கிறோம்" என்றார். சென்னைத் தலைமைச் செயலகத்தில் முத்திரை விழ வேண்டுமானால் பல்கலைக்கழகத்தின் உண்மைத்தன்மைச் சான்று தேவைப்படும், அதையும் நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்றும் சொன்னார். 25 வேலை நாள்களில் முடியும் என்றார். மொத்தம் 31,000 ரூபாய் கட்டினேன்.

ரசீதில் உள்ளதை அப்படியே எழுதுகிறேன். ஒரு சான்றிதழுக்கு எச்.ஆர்.டி. (மாநில உயர்கல்வித் துறையின் சான்றொப்பத்துக்கு உங்கள் தொழிலில் உள்ள பெயர்) 4,500, வெளியுறவு அமைச்சகம் 1,500, தூதரகம் 3,800. ஆக மூன்றுக்கும் 29,400. லேமினேஷன் பிரிக்க இரண்டு சான்றிதழுக்கு 1,000. கூரியர் 600. கூட்டல் சரியாக இருக்கிறது. உங்கள் நிறுவனத்தில் சரியாக நடந்தது இந்தக் கூட்டல் ஒன்றுதான்.

பிப்ரவரி 10 தேதியோடு நீங்கள் சொன்ன கெடு முடிந்தது. அதன் பிறகு நான் எத்தனை முறை அழைத்தேன் என்பதற்கு என் கைபேசியே சாட்சி. "பிராசஸ் நடக்கிறது டீச்சர்" என்பதுதான் பதில். என்ன நடக்கிறது, எங்கே நடக்கிறது, யார் மேசையில் இருக்கிறது என்று கேட்டால் மறுபடியும் அதே பிராசஸ். பிப்ரவரி 17 அன்று, சென்னையில் அதிகாரிகள் பொங்கல் விடுமுறையில் போயிருக்கிறார்கள், அதனால் தாமதம் என்று சொன்னார்கள். மாசி பிறந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் பொங்கல் பானையைக் கழுவிக் கவிழ்த்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டு வைத்தேன். பிப்ரவரி 24 அன்று உங்கள் கிளையிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது: எல்லாம் தயார், இந்த வாரம் கைக்கு வந்துவிடும். அதை நம்பி பிப்ரவரி 28 அன்று நான் வேலை பார்த்த பள்ளியில் ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். மாதம் 18,000 ரூபாய் சம்பளம். பெரிய தொகை இல்லைதான், ஆனால் மாதா மாதம் வந்துகொண்டிருந்தது.

சான்றிதழ்கள் கைக்கு வந்த நாள் மார்ச் 19.

உறையைக் கிளையிலேயே பிரித்துப் பார்த்தேன். மூன்றின் பின்புறத்திலும் அப்போஸ்டில் ஒட்டியிருந்தது. அதில் உள்ள எண்ணை வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தேன். பதிவு சரியாக வந்தது. போலி இல்லை. அதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அப்போஸ்டில் என்பது என்ன என்று உங்கள் ஊழியர்களுக்குத் தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான். 1961 அக்டோபர் 5 அன்று கையெழுத்தான ஹேக் உடன்படிக்கையின்படி, அது சான்றிதழில் எழுதியிருப்பது உண்மை என்று சொல்வதில்லை. கையெழுத்துப் போட்டவர் யார், அவர் என்ன பதவியில் இருந்து போட்டார், முத்திரை எந்த அலுவலகத்துடையது என்ற மூன்றுக்கு மட்டும்தான் அது உறுதி தருகிறது. ஆகவே அப்போஸ்டிலுக்கு அடியில் இருக்கும் முத்திரை யாருடையது என்பதுதான் எல்லாம். அந்தச் சிறு எழுத்தில் 2, 3, 4 என்று எண்ணிட்ட வரிகளைப் படித்தேன். டெல்லியில் ஓர் எஸ்.டி.எம். அலுவலகம், அதாவது உட்கோட்ட நடுவர் அலுவலகம். அந்த அலுவலக முத்திரையில் உள்ள தேதி ஜனவரி 21.

நான் படித்தது நாகர்கோவிலில். பி.எஸ்சி.யும் எம்.எஸ்சி.யும் கொடுத்தது திருநெல்வேலி அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். பி.எட். கொடுத்தது சென்னையில் உள்ள தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம். இதில் டெல்லி எங்கே வந்தது? சீக்கிரம் முடியும், செலவு குறைவு என்பதற்காக எஸ்.டி.எம். வழியில் தள்ளிவிடுகிற பழக்கம் உங்கள் தொழிலில் உண்டு என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். சில வேலைகளுக்கு அது போதும் என்கிறார்கள். இருக்கட்டும். எனக்குப் போதாது என்று எழுதிக் கொடுத்திருந்தேனே! எச்.ஆர்.டி. என்று ரசீதில் எழுதி 13,500 ரூபாய் வாங்கிவிட்டு டெல்லி முத்திரையைக் குத்தி அனுப்புவதற்கு என்ன பெயர்? கருப்பட்டிக்குக் காசு வாங்கிக்கொண்டு வெல்லத்தைப் பொட்டலம் கட்டுவதற்கு எங்கள் ஊர்ச் சந்தையில் ஒரு பெயர் இருக்கிறது. ஆசிரியை என்பதால் அதை இங்கே எழுதவில்லை.

என் சந்தேகம் தீர அபிஷேகப்பட்டிக்கே போய் வந்தேன். தக்கலையிலிருந்து நாகர்கோவில், அங்கிருந்து ஆரல்வாய்மொழி வழியாகத் திருநெல்வேலி, பிறகு தென்காசி சாலையில் இன்னொரு பஸ். போக வர ஒரு முழு நாள். என் பெயரில் உண்மைத்தன்மைச் சான்று கேட்டு எவரும் விண்ணப்பிக்கவே இல்லை என்று பதிவேட்டைப் பார்த்துச் சொன்னார்கள். அதாவது, சென்னைக்குப் போகும் எண்ணமே உங்களுக்கு முதல் நாளிலிருந்து இருந்ததில்லை.

இன்னொரு தேதியும் இருக்கிறது. அப்போஸ்டிலில் உள்ள தேதி ஜனவரி 27. என் கைக்கு வந்தது மார்ச் 19. இடையில் 51 நாள். பொங்கல் விடுமுறை என்று நீங்கள் சொன்ன அன்று, எல்லா வேலையும் முடிந்து என் சான்றிதழ்கள் உங்கள் அலமாரி ஒன்றில் படுத்திருந்தன. ஏன் வைத்திருந்தீர்கள் என்று எவ்வளவு யோசித்தும் எனக்குப் புரியவில்லை. அந்த அலமாரியின் சாவி உங்களிடம்தான் இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

அடுத்து தூதரகக் கட்டணம். ஓமன் தூதரகத்தின் முத்திரை மூன்றில் ஒன்றிலும் இல்லை. கிளையில் கேட்டேன். "ஓமனுக்கு இப்போது அது தேவையில்லை டீச்சர், போன மாதம்தான் விதி மாறியது" என்றார்கள். அப்போஸ்டில் உடன்படிக்கை இந்தியாவில் 2005 ஜூலையிலும், ஓமனில் 2012 ஜனவரியிலும் நடைமுறைக்கு வந்துவிட்டது. இரண்டு நாடும் அதில் இருந்தால் தூதரகத்துக்குப் போக வேண்டிய வேலையே கிடையாது. அந்த உடன்படிக்கை ஏற்பட்டதே அதற்காகத்தான். பஹ்ரைன் 2013 கடைசியில் சேர்ந்தது, சவூதி அரேபியாவுக்கு 2022 டிசம்பர் முதல் பொருந்துகிறது. குவைத், கத்தார், ஐக்கிய அரபு அமீரகம் போகிறவர்களுக்குத்தான் இன்றும் தூதரக முத்திரை வேண்டும். உங்கள் கிளையிலோ எந்த நாட்டுக்குப் போனாலும் ஒரே அச்சடித்த ரசீது, அதில் தூதரகம் என்ற வரி, அதற்கு எதிரே ஒரு தொகை. 13 வருடத்துக்கு முந்தைய விதியைப் போன மாதத்து விதி என்று சொல்லி 11,400 ரூபாயை எடுத்துக்கொண்டீர்கள். அந்த வரிசையில் எனக்குப் பின்னால் கருங்கலில் இருந்து வந்த ஒரு நர்ஸ் பெண் நின்றுகொண்டிருந்தார். அவரும் ஓமனுக்குத்தான். அவரிடம் எவ்வளவு வாங்கினீர்களோ?

பி.எட். சான்றிதழுக்கு வருகிறேன். இதில் என் தவறும் உண்டு. பட்டம் கைக்கு வந்த அன்றே லேமினேஷன் கடைக்கு ஓடுவது எங்கள் ஊர் வழக்கம். ஈரக்காற்றும் கரையானும் உள்ள இடத்தில் அதுதான் பாதுகாப்பு என்று என் அப்பாவே கூட்டிப்போய்ப் போட்டுத் தந்தார். லேமினேஷன் மேல் முத்திரை குத்த முடியாது என்பதால் அதைப் பிரிக்கத்தான் வேண்டும். நான் வேறு இடத்தில் மெதுவாகப் பிரித்துக்கொண்டு வருகிறேன் என்றபோது, "எங்களிடம் அதற்கென்றே ஆள் இருக்கிறார்" என்று வாங்கி வைத்தீர்கள். எம்.எஸ்சி. சான்றிதழ் தப்பியது. பி.எட். சான்றிதழின் வலது கீழ் மூலையை நீங்கள் பார்க்க வேண்டும். முதல் தோசையைக் கல்லிலிருந்து சுரண்டி எடுத்தது போல, காகிதத்தின் மேல்தோல் இரண்டு விரல் அகலத்துக்கு உரிந்திருக்கிறது. பதிவாளரின் கையெழுத்தில் முதல் சுழி மட்டும் காகிதத்தில் நிற்கிறது. மீதி எந்தப் பிளாஸ்டிக் தாளோடு எந்தக் குப்பைக்கூடைக்குப் போனதோ. அந்த உரிந்த இடத்தை மறைக்க, ஒரு பளபளப்பான ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறீர்கள். உங்கள் நிறுவனத்தின் பெயர் போட்ட ஸ்டிக்கர். அதைப் பார்த்தபோதுதான் எனக்குக் கண் கலங்கியது. அதுவரை கோபம் மட்டுமே இருந்தது.

சான்றொப்பம் வாங்க ஏன் நீயே போகவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. வெளியுறவு அமைச்சகம் 2012 முதல் பொதுமக்களிடம் நேரடியாகச் சான்றிதழ் வாங்குவதில்லை. அது அமர்த்திய சேவை நிறுவனங்கள் வழியாகத்தான் போக வேண்டும். அப்போஸ்டிலுக்கு அரசுக் கட்டணம் ஒரு சான்றிதழுக்கு 50 ரூபாய். அதற்கு நீங்கள் 1,500 வாங்குவதில் எனக்குச் சண்டை இல்லை. சென்னைக்கு ஓர் இரவு ரயிலில் போய்ப் படுக்க இடம் தேடுவதைவிட அது மேல் என்று நினைத்துத்தான் வந்தேன். களியக்காவிளை எல்லையைத் தாண்டிக் கேரளத்தில் இருக்கும் என் சித்தி மகளுக்கு இந்தக் கவலை இல்லை. அவளுக்குத் திருவனந்தபுரத்தில் வெளிநாடுவாழ் மலையாளிகளுக்கான கேரள அரசு நிறுவனமான நோர்க்கா ரூட்ஸ் இருக்கிறது. கேரளச் சான்றிதழ்களுக்கு எச்.ஆர்.டி. முதல் எல்லாம் அங்கேயே முடிந்துவிடுகிறது. எனக்கு ஒன்றரை மணி நேர பஸ் தூரத்தில் அந்த அலுவலகம் இருந்தும், என் சான்றிதழ் தமிழ்நாட்டுச் சான்றிதழ். 1956-ல் இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்ததில் எனக்கு எள்ளளவும் வருத்தம் கிடையாது. எங்கள் தாத்தா அதற்காக அடி வாங்கியவர். ஆனால் அவர் உங்களை மனதில் வைத்து அடி வாங்கியிருக்க மாட்டார்.

ஓமன் பள்ளி முதல்வரிடம் நடந்ததைச் சொன்னேன். ஏப்ரலுக்கு வேறு ஆளை வைத்துவிட்டார்கள். ஆகஸ்டு மாதத்தில் ஓர் இடம் காலியாகும், சரியான சான்றொப்பத்தோடு வந்தால் பார்க்கலாம் என்று பெருந்தன்மையோடு எழுதியிருக்கிறார். ஆகவே எனக்கு நேரம் இல்லை. வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

செய்யாத எச்.ஆர்.டி. சான்றொப்பத்துக்கு வாங்கிய 13,500, தேவையில்லாத, செய்யவும் செய்யாத தூதரகப் பணிக்கு வாங்கிய 11,400, சான்றிதழைப் பாழாக்கியதற்கு வாங்கிய 1,000, மாநில முத்திரைக்குப் பிறகு அப்போஸ்டிலை மறுபடியும் ஒட்டியாக வேண்டும் என்பதால் அதற்கு வாங்கிய 4,500, ஆக 30,400 ரூபாயை என் வங்கிக் கணக்குக்குத் திருப்பி அனுப்புங்கள். பி.எட். சான்றிதழ் உங்கள் ஊழியர் கையில் இருந்தபோது சேதமடைந்தது என்று நிறுவனத்தின் கடிதத்தாளில் கையொப்பத்தோடு எழுதித் தாருங்கள். இரண்டாம்படிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க அது எனக்கு வேண்டும். அதற்கு ஆகும் கட்டணத்தை ரசீது அனுப்பியதும் தாருங்கள். கூரியருக்கு வாங்கிய 600 ரூபாயை நீங்களே வைத்துக்கொள்ளலாம். சான்றிதழ்கள் டெல்லி வரை போய் வந்தது உண்மைதானே.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பணமும் பதிலும் வராவிட்டால், நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் சேவைக் குறைபாட்டுக்காக மனு கொடுப்பேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம். உங்கள் தலைமை அலுவலகம் சென்னையில் இருப்பது எனக்குத் தடை இல்லை. அங்கே போனால் ராஜினாமாவால் இழந்த சம்பளத்தையும் சேர்த்துக் கேட்பேன்.

ரசீது, நியமனக் கடிதம், பிப்ரவரி 24 வாட்ஸ்அப் செய்தி, பி.எட். சான்றிதழின் இருபுறப் படம் ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். அசல் எதையும் இனி உங்கள் கிளையில் கொடுப்பதாக இல்லை. பதிலைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தொலைபேசியில் அழைக்க வேண்டாம். பிராசஸ் என்ற சொல்லை இன்னொரு முறை கேட்கும் நிலையில் நான் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் ரசீது வைத்திருக்கும் வாடிக்கையாளர்,
தக்கலை.